எட்ட நிற்பவருக்கான எழுத்து

எழுபதுகளின் நாகர்கோவிலில் கொட்டை எழுத்தைப் பார்க்கப் புத்தகத்தைத் திறக்க வேண்டாம், தெருவில் நடந்தால் போதும். வேப்பமூடு, செட்டிகுளம், கோட்டாறு, வடசேரி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மதில்களில் ஆள் உயர எழுத்துகள் நின்றன. கட்சிக்கும் சினிமாவுக்கும் பீடிக்கும் பல்பொடிக்கும் கோயில் கொடைக்கும் சர்ச் கன்வென்ஷனுக்கும் ஒரே உருவம்தான். வாலும் கொக்கியும் கிடையாது. தலையிலிருந்து கால்வரை ஒரே பருமன். நேர்கோட்டையும் வட்டத்தையும் மட்டும் வைத்துக் கட்டிய எழுத்து. ட என்றால் நிமிர்ந்த கட்டை ஒன்று, படுத்த கட்டை ஒன்று. ப என்றால் மூடியில்லாத பெட்டி. வ, ல, ன மூன்றும் வட்டச் சுழியிலிருந்து கிளம்பும்.

இந்த உருவத்துக்கு மேற்கில் நீண்ட வரலாறு உண்டு. 1816-இல் லண்டனில் நான்காம் வில்லியம் கேஸ்லான் வாலில்லாத ஆங்கில அச்செழுத்தை முதன்முதலாக விற்பனைக்கு வைத்தார். 1927-இல் ஜெர்மனியில் பால் ரென்னர் வட்டத்தையும் சதுரத்தையும் முக்கோணத்தையும் அடிப்படையாகக் கொண்டு ஃப்யூச்சுராவை வெளியிட்டார். 1969-இல் அப்பல்லோ 11 நிலவில் விட்டுவந்த உலோகத் தகட்டில் இருப்பதும் அந்த எழுத்துதான். தடித்த எழுத்துகள் அங்கே பெருகியது தெருவிளம்பரம் பெருகிய காலத்தில். புத்தகம் படிப்பவர் உட்கார்ந்து படிக்கிறார். தெருவில் போகிறவருக்கு ஒரு கணம்தான் கிடைக்கும். அந்தக் கணத்துக்காக எழுத்து தடித்தது. நாகர்கோவில் மதில்களிலும் அதே தேவைதான், ரென்னரின் பெயரைக் கேள்விப்படாத கைகளால் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தது.

சுவர்

எங்கள் தெருவில் ஓர் ஆர்ட்டிஸ்ட் இருந்தார். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அவருக்கு நூல் பிடிப்பது தெருப் பையன்களின் பெருமை. முதலில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார். காய்ந்ததும் நீலப்பொடி தடவிய நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டுவார், சுவரில் நேர்கோடு விழும். மேலே ஒன்று, கீழே ஒன்று. அதற்கும் மேலே புள்ளிக்கும் கொம்புக்கும் இடம், கீழே கு, மு, டு-வின் கால்களுக்கு இடம். இரண்டு வரி எழுதுவதானால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் எழுதுகிறவருக்கு இந்தச் சங்கடம் குறைவு. தமிழ் எழுத்து மேலும் கீழும் கை நீட்டும்.

கோடு விழுந்த பிறகு சாக்பீஸால் உருவம், பிறகு அவுட்லைன், பிறகு பட்டை பிரஷ்ஷால் ஃபில்லிங், வசதியுள்ள விளம்பரமானால் ஒரு பக்கத்தில் ஷேடு. நடுநடுவே எங்களில் ஒருவனை ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்புவார்.

“மக்கா, எட்டப் போய் நிண்ணு பாரு. மூணு சுழி ண அடஞ்சிருக்கா?”

“அடஞ்ச மாரிதான் தெரியுது அண்ணாச்சி.”

“அப்பம் வயித்தக் கூட்டணும். எழுத்து தடிச்சா வயிறும் பெருசாவணும், கேட்டியா? இல்லேன்னா வெறும் கட்டியா நிக்கும்.”

வயிறு என்று அவர் சொன்னது எழுத்துக்கு உள்ளே அடைபட்டிருக்கும் வெற்றிடத்தை. தடித்த எழுத்தின் கலை முழுவதும் அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது. ட, ப, ம போன்றவை எவ்வளவு தடித்தாலும் தாங்கும். ண, ஞ, ஜ, ணை போன்றவை தாங்காது. அவற்றில் சுழிகளின் சுவரை மெலித்து, எழுத்தை அகலப்படுத்தி, ஆனால் பக்கத்து எழுத்தோடு ஒரே கனம்போல் தோன்றச் செய்ய வேண்டும். படுத்த கோடு நிமிர்ந்த கோட்டைவிட ஒரு மயிரிழை மெலிந்திருந்தால்தான் கண்ணுக்கு இரண்டும் சமமாகப் படும். வட்டம் நூல்கோட்டைச் சற்றுத் தாண்டினால்தான் பக்கத்துச் சதுரத்துக்குச் சமமான உயரம் தெரியும். ரென்னரும் இதைத்தான் செய்தார். அளவுகோல் போட்டதுபோல் தோன்றும் ஃப்யூச்சுராவிலும், வளைவு கட்டையைத் தொடும் இடத்தில் கோடு மெலிகிறது. கண்ணுக்கு நேர்மையாக இருக்க வேண்டுமானால் அளவுகோலை மீறத்தான் வேண்டும்.

காமராஜர் 1969 இடைத்தேர்தலிலும் 1971 பொதுத்தேர்தலிலும் நாகர்கோவிலில் நின்று வென்றவர். காமராஜ் என்ற அந்தப் பெயர் எங்கள் ஊர் மதில்களில் வெளிறிப்போயும் வெகுநாள் கிடந்தது. கா, ம, ரா மூன்றும் சுலபம். கடைசி ஜ்-இல்தான் எழுதியவரின் தரம் தெரியும். வளைவுக்குள் வளைவாகப் போகிற எழுத்து அது. தேறாத கையில் கறுப்பு முடிச்சாகிவிடும். நல்ல கையில் அந்த ஒற்றை எழுத்து மற்ற மூன்றையும் தூக்கி நிறுத்தும்.

தடித்த எழுத்துக்கு எங்கள் மாவட்டத்தில் இன்னொரு காரணமும் உண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மண் இது. ஆனி, ஆடிச் சாரலில் மதில் பச்சை பிடிக்கும். ஐப்பசியில் மறுபடி நனையும். மெலிந்த எழுத்தின் ஓரத்தைப் பாசி தின்றால் எழுத்தே போய்விடும். கொட்டை எழுத்தின் ஓரம் போனாலும் உடம்பு மிஞ்சும். இரண்டு மழையைத் தாண்டி நிற்கிற எழுத்தைத்தான் இங்கே எழுத வேண்டியிருந்தது.

பதின்மூன்று எழுத்துகள்

1978-இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. பெரியார் அதைக் குடி அரசில் 1935-லேயே நடைமுறைப்படுத்திவிட்டார். மாறியவை பதின்மூன்று எழுத்துகள்: ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், ணை, லை, ளை, னை. அதுவரை லை, ளை போன்றவை தலையில் துதிக்கை சுமந்தன. ணா, றா, னா ஒட்டிப் பின்னிய தனி உருவங்களாக இருந்தன.

இது எங்கள் மாவட்டத்தை எவ்வளவு தொட்டது என்று ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பார்த்தால் புரியும். தக்கலை, தோவாளை, களியக்காவிளை. பஸ் போர்டிலும் மைல்கல்லிலும் பள்ளிக்கூடப் பெயர்ப்பலகையிலும் மூன்று ஊர்களின் கடைசி எழுத்தும் மாறியது. தமிழ்நாட்டு மதில்களில் ஓயாமல் எழுதப்பட்ட பெயரான அண்ணாவும் மாறியது. பழைய துதிக்கை பழக்கப்பட்ட கண்ணுக்கு அழகுதான், அதை இழந்த வருத்தம் பலருக்கு இருந்தது. ஆனால் தடித்த எழுத்துக்கு அந்த ஆணை பெரிய உதவி. பின்னல் உருவத்தைத் தடிக்க வைத்தால் சுருள் அடைத்துக்கொள்ளும். ண-வை அடுத்து ஒரு கால் என்று பிரித்தபோது இரண்டு எழுத்தும் மூச்சு விட்டன. தக்கலை புது உருவத்தில் இன்னும் எட்டத்திலிருந்து தெரிந்தது. பழைய எழுத்தில் கை பழகிய ஆர்ட்டிஸ்டுகள் சில வருடங்கள் இரண்டையும் கலந்துதான் எழுதினார்கள். ஒரே மதிலில் துதிக்கை லையும் புது லையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நோட்டீஸ்

அச்சுக்கும் எங்கள் பக்கத்துக்கும் பழைய உறவு. தமிழில் அச்சான முதல் நூல்களில் ஒன்றான தம்பிரான் வணக்கம் 1578-இல் அச்சேறியது எங்களுக்கு வடக்கே, கொல்லத்தில். லண்டன் மிஷனின் சார்லஸ் மீட் 1820 வாக்கில் நாகர்கோவிலில் அச்சுக்கூடம் நிறுவினார். தினமலரைத் தொடங்கிய டி.வி. இராமசுப்பையர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். 1951-இல் அந்தப் பத்திரிகை முதலில் வெளிவந்தது திருவனந்தபுரத்தில். நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராட்டம் கொதித்த வருடங்கள் அவை. 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தபோது அரசு அலுவலகங்களின் வாசலில் தமிழ்ப் பலகை ஏறியது. பலகையில் என்ன எழுத்து என்பதற்கு இந்த மண் விலை கொடுத்திருக்கிறது. 1954 ஆகஸ்டில் அந்தப் போராட்டத்தின்போது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் போயிருக்கிறது.

எங்கள் காலத்து நோட்டீஸ்கள் டிரெடில் மெஷினில் ஓடின. ரோஸ் தாள், மஞ்சள் தாள். கம்பாசிட்டர் ஒவ்வோர் எழுத்தாகக் கேஸிலிருந்து எடுத்துக் கோப்பார். தலைப்புக்கு மர எழுத்து. மர எழுத்து எந்த அச்சகத்திலும் தாராளமாக இருக்காது. ஒரு வரிக்குத் தேவையான த் நான்கு என்றால் அங்கே மூன்று இருக்கும். ஆகவே தலைப்பைச் சுருக்கச் சொல்வார்கள். கொடை நோட்டீஸில் சாமியின் பெயர் மட்டும் பெரிது, தேதி அதற்கு அடுத்தது, மற்றதெல்லாம் சின்ன எழுத்து. வில்லுப்பாட்டு யார், வரி எவ்வளவு என்பதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். தட்டுப்பாடே ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தது. எது பெரிய எழுத்துக்குத் தகும் என்று அச்சகத்துக்கு வந்தவர் யோசித்தே ஆக வேண்டியிருந்தது.

மதிலிலும் அப்படித்தான். அண்ணாச்சி எழுத்துக் கணக்கில் கூலி வாங்குவார். ஒரு வார்த்தை குறைத்தால் காசு மிச்சம். மிஞ்சிய வார்த்தைகள் கனத்தைத் தாங்கத் தகுதியானவையாக இருந்தன.

பஸ்

எண்பதுகளில் எங்கள் மாவட்டத்துக்கென்று தனிப் போக்குவரத்துக் கழகம் வந்தது. தமிழ்நாட்டோடு சேரப் போராடிய தலைவர் மார்ஷல் நேசமணியின் பெயர் அதற்கு. பஸ்ஸின் பக்கவாட்டில் அந்தப் பெயர் ஓடும். நே, ச, ம, ணி, நான்கே எழுத்து. எவ்வளவு தடிக்க வைத்தாலும் தகரத்தில் இடம் இருந்தது. 1997-இல் எல்லாக் கழகங்களும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஒரே பெயருக்கு வந்தபோது, அதே தகரத்தில் நீளமான பெயர் ஏறியது, எழுத்து மெலிந்தது. மாநில நிர்வாகத்துக்கு அந்த முடிவு சரியாக இருக்கலாம். எழுத்துக்கு அது நெருக்கடி.

முகப்புப் பலகை இன்னும் முக்கியம். வடசேரி பஸ் நிலையத்தில் சாயங்காலம் நிற்பவர்களில் பாதிப்பேர் பூக்கட்டுகிறவர்கள், மீன் விற்றுவிட்டுத் திரும்புகிறவர்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடாத வயதானவர்கள். தகரப் பலகையில் கையால் எழுதிய திங்கள்சந்தை, குளச்சல், ஆரல்வாய்மொழி என்ற கறுப்பு எழுத்து, பஸ் திரும்பும்போதே தெரிந்துவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கூட அந்தப் பெயரின் மொத்த உருவத்தைப் பழகிவைத்திருப்பார். ஆரல்வாய்மொழி நீளம், குளச்சல் குட்டை, அது போதும். இன்று பல பஸ்களில் புள்ளி விளக்குப் பலகை. இரவில் வெளிச்சம் உண்டு, ஊர் மாற்றுவது சுலபம், அவை நல்ல வசதிகள். ஆனால் சில வரிசைப் புள்ளிகளுக்குள் மூணு சுழி ண-வையும் ரெண்டு சுழி ன-வையும் பிரித்துக் காட்டுவது கஷ்டம். எழுத்து ஓடிக்கொண்டே இருப்பதால், மார்த்தாண்டம் என்று வாசித்து முடிக்க பஸ்ஸோடு நடக்க வேண்டியிருக்கிறது. வாசிப்பவரின் கண்ணை முதலில் வைத்து யோசித்தால் இவை தீர்க்கக்கூடிய குறைகள்தான்.

ஃப்ளெக்ஸ்

தொண்ணூறுகளில் டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது மதில் எழுத்துக்குக் கெடுபிடி வந்தது. அதையடுத்து ஃப்ளெக்ஸ் வந்தது. கூலி எழுத்துக் கணக்கிலிருந்து சதுர அடிக் கணக்குக்கு மாறியது. இந்த ஒரு மாற்றத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சதுர அடிக்குக் காசு கொடுத்தவர் அதில் எத்தனை எழுத்து வேண்டுமானாலும் போடலாம். தடித்த எழுத்துக்கும் மெலிந்த எழுத்துக்கும் ஒரே விலை. ஆகவே எல்லாமே தடித்தது. கல்யாணப் பேனரில் மாப்பிள்ளை பெயர், மணப்பெண் பெயர், தாய்மாமன் பெயர், வாழ்த்தும் நண்பர் குழுவின் அத்தனை பெயர்களும் ஒரே கனத்தில் நிற்கின்றன. எட்டத்திலிருந்து பார்த்தால் எதுவும் தெரிவதில்லை. மண்டபத்துக்கு வழி தேடி வந்த விருந்தாளிக்கு வேண்டியது மண்டபத்தின் பெயரும் அம்புக்குறியும். அவை மூலையில் ஒடுங்கிக் கிடக்கின்றன.

தடிக்க வைக்கிற முறையும் மாறியது. கோரல் டிராவில் ஓர் எழுத்துருவை எடுத்து, போல்ட் பொத்தானை அமுக்கி, போதாவிட்டால் சுற்றிலும் ஒரு கோடு கொடுப்பார்கள். இயந்திரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் ஊதுகிறது. வெளியே ஊதினால் எழுத்துகள் ஒன்றோடொன்று இடிக்கும், உள்ளே ஊதினால் வயிறு அடையும். ண முடிச்சாகிறது. ஞாயிறு என்ற சொல்லில் ஞா கறுப்புத் திட்டாகிறது. அண்ணாச்சி ரோட்டுக்கு அந்தப் பக்கம் பையனை அனுப்பிக் கேட்ட கேள்வியை இங்கே கேட்க யாருமில்லை. டிசைன் செய்பவர் ஒரு முழத் தூரத்தில் திரையைப் பார்க்கிறார். பேனரைப் படிப்பவர் ஐம்பது அடி தள்ளி இரண்டு சக்கர வண்டியில் போகிறார். டிசைன் செய்யும் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ராத்திரி ஒரு மணிக்கு அஞ்சலி பேனர் கேட்டு வந்தவருக்கு விடியுமுன் அடித்துக் கொடுக்கிறார்கள். அவர்கள் கைக்கு நல்ல எழுத்துப் போய்ச் சேரவில்லை என்பதே என் குறை.

கடைப் பலகைகளுக்கு அரசு விதி உண்டு. தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, பிற மொழிக்கு இரண்டு. மலையாளமும் தமிழும் தோளுரசும் களியக்காவிளை போன்ற ஊருக்கு அது பொருத்தமான விதி. ஆனால் விதி அளப்பது இடத்தை. ஐந்து பங்கு இடத்தில் அடைத்துப்போன தமிழையும் மூன்று பங்கு இடத்தில் தெளிவான ஆங்கிலத்தையும் எழுதினால், கண் ஆங்கிலத்துக்குத்தான் போகும். தமிழுக்கு அதன் உரிமை இடத்தால் மட்டும் கிடைத்துவிடாது, நல்ல உருவத்தாலும்தான் கிடைக்கும்.

புதிய கைகள்

அந்த நல்ல உருவத்தை இப்போது சிலர் வரைந்து தந்திருக்கிறார்கள். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான் எழுத்துரு மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது கனங்களில் வருகிறது. அதன் தடித்த வடிவம் வரைந்தது, ஊதியது அல்ல. ஏக் டைப் குழுவின் பாலூ தம்பி தடித்த எழுத்தாகவே பிறந்தது, தமிழ் வடிவம் ஆதர்ஷ் ராஜனுடையது. உருண்டு திரண்டு நின்றாலும் அதன் சுழிகள் திறந்திருக்கின்றன. அதே குழுவின் அநேக் தமிழில் கனத்தையும் அகலத்தையும் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். நீளமான ஊர்ப்பெயரைச் சின்னப் பலகையில் தடித்து எழுத வேண்டியவருக்கு அது வரம். இலங்கையின் தாரிக் அஸீஸ், மலேசியாவின் முத்து நெடுமாறன் என்று கடல்கடந்தவர்களும் இந்த வேலையில் இருக்கிறார்கள். கட்டமரானும் பாலூவும் அநேக்கும் இலவசம், எவரும் இறக்கிக்கொள்ளலாம். இவற்றின் தடித்த ண-வைப் பெரிதாக்கிப் பார்த்தால், சுழிகளுக்கு நடுவே சுவர் மெலிவதும் வயிறு விரிவதும் தெரியும். எங்கள் மதிலில் பிரஷ்ஷால் செய்த அதே திருத்தம்.

படகு

அண்ணாச்சிக்குக் கடைசி வருடங்களில் வந்த வேலை பெரும்பாலும் கடற்கரையிலிருந்துதான். சின்னமுட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்தில் விசைப்படகுகளின் பக்கவாட்டில் பெயரும் பதிவெண்ணும் எழுதுவது. கொட்டை எழுத்து அதன் பழைய வேலையை இன்றும் விடாமல் செய்கிற இடம் அதுதான். அலையில் ஆடும் படகின் எழுத்தை, ஆடும் இன்னொரு படகிலிருந்து படிக்க வேண்டும். உப்பும் வெயிலும் ஓரத்தை அரிக்கும். எனாமல் பெயின்டில் தடித்து, இடம்விட்டு, அலங்காரம் இல்லாமல் எழுதுவார்கள். 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் பகுதிப் படகுகள் லட்சத்தீவு, கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் என்று எங்கெங்கோ ஒதுங்கின. வேற்றுத் துறைமுகத்தில் ஒரு படகை அதன் ஊரோடு சேர்த்துச் சொல்வது அதன் மேல் இருக்கும் பெயரும் எண்ணும். கரையில் தகவலுக்குக் காத்திருக்கிறவளுக்கு அந்த எழுத்து எவ்வளவு முக்கியம் என்று எங்கள் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே பலகை எழுதக் கொடுப்பவர்களிடம் நான் கேட்பது மூன்று காரியம். தனக்கென்று தடித்த வடிவம் உள்ள எழுத்துருவைக் கேளுங்கள், போல்ட் பொத்தானை நம்பாதீர்கள். ஒரு பலகைக்கு ஒரு வரி மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கட்டும். அது கடையின் பெயரா, ஊரின் பெயரா, போகும் வழியா என்று முதலில் முடிவு செய்யுங்கள். அச்சுக்குப் போகுமுன் ஒரு தாளில் எடுத்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒட்டி, மூணு சுழி ண திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கூடுமானால் வீட்டிலிருக்கும் பாட்டாவையோ ஆச்சியையோ கூட்டிப்போய்ப் படிக்கச் சொல்லுங்கள். தமிழை எவ்வளவு பெரிதாக எழுதினோம் என்பதைவிட, எவ்வளவு எட்டத்தில் நிற்பவருக்கு, எவ்வளவு மங்கிய கண்ணுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம் என்பதுதான் கணக்கு. எழுத்தின் கனத்தை அந்தக் கண் தீர்மானிக்கட்டும்.